மலைக்குப் போகச் சொன்ன வார்த்தை

அன்றைக்கு ஆட்டோவில் இருந்தது நாலு பேர்: நான், என் மனைவி, அவள் தம்பி, ஓட்டிவந்த சிங்களவர். நாங்கள் மூவரும் வெள்ளை உடுப்பில் இருந்ததற்குக் காரணம் நான்தான். இரத்தினபுரி டவுனுக்கு மேலே, மலை உச்சியில், கல் பதித்த சதுக்கம் இருக்கிறது. பக்கத்தில் பன்சலை, பௌத்த விகாரை; அங்கே வெள்ளை உடுத்திப் போவதுதான் வழக்கம். கலர் உடுத்திப் போய் யாராவது ஏதாவது சொல்லிவிட்டால்?

ஆஸ்பத்திரிக்கும் சாமான் வாங்கவும் இருபது வருடமாக டவுனுக்கு வருகிற என் மனைவி, ஒருநாளும் டவுனை மேலிருந்து பார்த்ததில்லை. இரண்டு தடவை கிளம்பியும், மழை வரும் என்று நானே பாதியில் திருப்பிக் கூட்டிவந்துவிட்டேன்.

"இன்னைக்கும் திருப்பினீங்கன்னா, இனி உங்களோட எங்கேயும் வரமாட்டேன்," என்று டவுனுக்கு வந்த பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள். வானம் அப்போதே கறுத்திருந்தது.

அந்தப் பதற்றத்தில், ஏழாம் வகுப்போடு நின்ற என் வாயில் இரண்டு பாஷையும் கலந்துவிட்டது. மலைக்குச் சிங்களத்தில் 'கந்த'. நானோ மலைக்குப் போவோம் என்று சொல்ல நினைத்து, "மலட யமு" என்றேன்.

"மளகெதர?" என்று அவர் தணிந்த குரலில் கேட்டார். சிங்களத்தில் 'மள' என்றால் செத்த; 'மளகெதர' சாவு வீடு. நான் காதில் சரியாக வாங்காமல், மேகத்தைப் பார்த்தபடியே தலையை ஆட்டினேன். சாவுக்கும் உடுத்துகிற வெள்ளை உடுப்பு, என் முகம். அவருக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

அவருக்குத் தெரிந்த சாவு வீட்டில், வெள்ளைக் கொடி கட்டிய வாசலில் இறக்கினார். உடனே ஒருவர் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். முன்பின் பார்த்திராத பெரியவரின் பெட்டிக்கு முன்னால் கும்பிட்டு நின்றோம். தேத்தண்ணி வந்தது. சும்மா குடித்துவிட்டு எழும்ப வெட்கப்பட்டு, மச்சினன் வீட்டுக்காரர் கையில் ஐந்நூறு ரூபாய் கொடுத்தான்.

"மச்சான், செத்தவரு உங்களுக்கு என்ன முறை?" என்று காதுக்குள் கேட்டான்.

"வாய மூடுடா."

"ஏங்க, தூறுது," என்றாள் மனைவி. அவள் சிரிக்கவில்லை.

வெளியே ஓடிவந்து, "கந்தட! கந்தட!" என்றேன். ஆட்டோக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு, வளைவுகளில் விரட்டினார்.

சதுக்கத்தை எட்டியபோது மழை எதிர்மலையில் இறங்கிவிட்டது. டவுன் மட்டும் மூடாமல் மிச்சம்: களுகங்கை, பழைய கோட்டை மேடு, தகரக் கூரைகள், ஆஸ்பத்திரி. மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"அதோ பாருங்க, வெள்ளைக் கொடி," என்று கை நீட்டினாள். "உங்க சொந்தக்காரரு வீடு." அப்புறம் மூச்சு முட்டச் சிரித்தாள்.

மழை வந்து டவுனை மூடியது. நான் குடையை விரித்தேன். அவள் குடைக்குள் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பார்க்கவேண்டுமாம்.

வாய் என்னுடையது, அதனால் சாவு வீட்டுச் செலவும் என்னுடையதே என்கிறான் மச்சினன். அவனுக்கு நான் தரவேண்டிய பாக்கி இன்றைக்கும் ஐந்நூறு ரூபாய்.