பேண்ட் மேல் விழுந்த பழி

"பேண்ட்டு மாட்டிக்கினு, டிவியில குஸ்தி பாத்துக்கினு வளர்ற பொண்ணு பொண்ணா நிக்காது. வேணும்னா எழுதி வெச்சிக்கோ" என்று பெரியப்பா என் அப்பாவிடம் சொன்னபோது எனக்குப் பத்து வயது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். பேச்சு என்னைப் பற்றித்தான். ஆனாலும் சந்தைக்கு ஓட்டிவந்த கன்றுக்குட்டியைப் பற்றிப் பேசுவதுபோல என் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டார்கள். எழுதி வைத்துக்கொள் என்றாரே தவிர, எங்கள் வீட்டில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த ஒரே ஆள் அப்போது நான்தான். அப்பா கையெழுத்துப் போடுவார். பெரியப்பா எழுத்துக் கூட்டிப் படிப்பார். அத்தை ஐந்தாவதோடு நின்றவள். ஆகவே அவர் சொன்னதை நானே எழுதி வைக்கிறேன்.

மாரிகுப்பத்தில் தங்கச் சுரங்கக் கம்பெனி கட்டிய லைன் வீடுகளில் எங்களுடையதும் பெரியப்பாவுடையதும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டவை. சுரங்கம் மூடும்வரை பெரியப்பா சாஃப்ட் என்கிற சுரங்கக்குழியின் வாசலில் மணியடித்து, ஆட்களைக் கீழே கொண்டுபோகும் கேஜ் கூண்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். பூமிக்கடியில் ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒரு லெவல் உண்டு. சுரங்கம் மூடிப் பத்து வருடம் ஆகியும் அந்தப் புத்தி அவரை விடவில்லை. மிக்ஸி நின்றாலும் சரி, யாருக்காவது வயிற்றுவலி வந்தாலும் சரி, "எந்த லெவல்ல கோளாறுன்னு மொதல்ல பாக்கணும்" என்பார். கோளாறு என்றால் அதற்கு ஒரு லெவல் இருந்தே ஆக வேண்டும்.

என் பேண்ட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அவை எல்லாமே பெரியப்பாவின் மகனுக்குச் சின்னதாகிப்போய் எனக்கு வந்தவை. அதாவது, அவர் வீட்டுப் பேண்ட்டைத்தான் அவர் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

என் பேண்ட்டுக்கு அன்று இவ்வளவு கவனம் கிடைத்ததற்குக் காரணம் நான் அல்ல, அத்தை. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கடைசித் தங்கை. பெற்றோர் சீக்கிரமே போய்விட்டதால் பெரியப்பாதான் அவளை வளர்த்தார். அப்போது எங்கள் வீட்டில் இருந்தாள். பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸில் வேலை. நாளெல்லாம் ஆம்பளைப் பேண்ட்டுகளுக்கு ஜிப்பு தைப்பாள். அதிகாலை ரயில் மாரிகுப்பத்திலேயே கிளம்புவதால் இவளுக்கு ஜன்னலோர இடம் நிச்சயம். பக்கத்து இடத்தில் ஒரு கர்சீப்பைப் போட்டு வைப்பாள். பங்காருபேட்டையில் ஏறும் அவள் தோழி அந்தக் கர்சீப்பை எடுத்து மடித்துவிட்டு உட்காருவாள். கார்மெண்ட்ஸில் அத்தையின் தையல் வரிசையிலேயே பாக்கெட் தைக்கிறவள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கும் வருவாள். நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன்.

அன்று பெரியப்பா குடியாத்தத்து மாப்பிள்ளை ஒருவரைப் பற்றிச் சொல்ல வந்திருந்தார். அடுத்த ஞாயிறு அவர்கள் பெண் பார்க்க வருகிறார்கள் என்றார். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"எனக்கு மாப்ள வேணாம்ணே. இவர்னு இல்ல, எவருமே வேணாம். நான் அவகூடத்தான் இருக்கப்போறேன்."

"கூட வேல செய்றவகூட ரூம் எடுத்துத் தங்கறதெல்லாம்..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"தங்கறது இல்லண்ணே. கட்டிக்கினவங்க எப்டி இருப்பாங்களோ, அப்டி."

பெரியப்பா உடனே லெவல் தேடத் தொடங்கிவிட்டார். முதல் லெவலில் டிவி. இரண்டாவதில் கார்மெண்ட்ஸ். "வருஷக்கணக்கா ஆம்பளப் பேண்ட்டையே தொட்டுக்கினு இருந்தா புத்தி எங்க போவும்?" என்றார். அங்கிருந்து அவர் பார்வை முறுக்கு தின்றுகொண்டிருந்த என் கால்சட்டைக்கு வந்தது. அப்போது சொன்னதுதான் மேலே எழுதி வைத்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அத்தை வாழ்க்கையில் ஒரு நாள்கூடப் பேண்ட் போட்டதில்லை. சுடிதாருக்கே கூச்சப்படுவாள். எப்போதும் புடவைதான், கை நிறைய வளையல், தலையில் கனகாம்பரம். டிவியில் அவள் பார்த்ததெல்லாம் வாரத்துக்கு ஒரு கல்யாணமாவது நடக்கும் தொடர்கள். பெரியப்பாவின் கணக்குப்படி அவளுக்கு அதற்குள் ஏழெட்டுக் கல்யாணம் முடிந்திருக்க வேண்டும்.

அன்றே நடவடிக்கை தொடங்கியது. கேபிள் ஒயரைச் சுருட்டிக் கூரைக் கம்பியில் கட்டினார். என் பேண்ட்டுகளை அள்ளிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார். அம்மா எனக்கு இரண்டு பாவாடை தைத்துவந்தாள். அதைக் கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டி, சங்கிலியில் மாட்டி, சுரங்கக் கழிவுமண் குவிந்த சைனைடு மேட்டு ஓரத்தில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். அத்தைக்கு என்ன வியாதியோ அது எனக்கும் ஆரம்பித்திருக்கிறது, அதற்கு மருந்துதான் பாவாடை என்று நானாகவே முடிவுகட்டிக்கொண்டேன்.

அத்தை அந்த வாரம் முழுக்க வேலைக்குப் போனாள், வந்தாள். யாரிடமும் சண்டை போடவில்லை. அம்மாவிடம் மட்டும், "பாக்க வந்தா உக்கார்றேன் அண்ணி. கேட்டா உண்மையச் சொல்லிடுவேன்" என்றாள். அது சுவர் தாண்டிப் பெரியப்பா காதுக்குப் போனது. "வந்தவங்க முன்னாடி அப்டி ஒரு வார்த்த வந்துச்சின்னா அப்பறம் அவ இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று அவர் சொன்னது சுவர் தாண்டி எங்கள் காதுக்கு வந்தது. அத்தை பொய் சொல்ல மாட்டாள், பெரியப்பா சொன்ன சொல்லை மாற்ற மாட்டார். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஆட்கள் வரப்போகிறார்கள். இது எனக்கே புரிந்தது.

ஞாயிறு காலை அத்தை குளித்து, நல்ல புடவை கட்டி, சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பெரியப்பா வெள்ளைச் சட்டையில் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். வருகிறவர்களுக்கு விரிக்க, பெரியப்பா வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து ஜமக்காளத்தை எடுத்துவர அம்மா என்னை அனுப்பினாள். என் பேண்ட்டுகளும் அந்தப் பெட்டியில்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். அடிவரை துழாவினேன். பேண்ட் கிடைக்கவில்லை. ஒரு போட்டோ கிடைத்தது.

ஆண்டர்சன்பேட்டை ஸ்டூடியோவில் எடுத்தது. நாலைந்து வயதுப் பெண்குழந்தை, பட்டுப்பாவாடை, காதில் தொங்கட்டான். முதுகுப் பக்கம் கண்ணாடி வைத்து, பூ வைத்துத் தைத்த சடை அதில் தெரியும்படி எடுத்திருந்தார்கள். அவ்வளவு அழகான பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. ஜமக்காளத்தை மறந்துவிட்டுப் போட்டோவோடு ஓடிவந்தேன்.

"பெரியப்பா, இந்த அத்தை யாரு? செத்துட்டாங்களா?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா கூரையைப் பார்த்தார். ஒரு வாரமாகச் சிரிக்காத அத்தைதான் முதலில் சிரித்தாள்.

"செத்தெல்லாம் போவலடி. தோ, வெள்ளச் சட்ட போட்டுக்கினு நிக்கிறாங்க பாரு."

பெரியப்பாவுக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லையாம். இவரை ஐந்து வயதுவரை பெண்பிள்ளைபோல வளர்ப்பதாகக் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டார்களாம். மொட்டை போடுவதற்கு முந்தின நாள் எடுத்த படம் அது. எனக்கு ஒரே அதிர்ச்சி. அஞ்சு வருஷம் பாவாடை! நான் ஒரு வாரம் கட்டியதற்கே இந்தப் பாடு.

"அப்போ நீங்க எப்போ பொண்ணா மாறுவீங்க, பெரியப்பா?" என்று கேட்டேன். கேலியில்லை. உண்மையாகவே அவருக்காகக் கவலைப்பட்டுத்தான் கேட்டேன்.

அப்பாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணனை எதிர்த்துப் பேசியே பழக்கமில்லாத அவர், "அண்ணே, அஞ்சு வருசம் கட்டின பாவாட ஒன்ன இன்னாண்ணே மாத்திச்சி?" என்றார்.

"டேய், அது வேண்டுதல்டா. சாமி துணி வேற, இது வேற."

"நான் பேண்ட்ட போட்டது இல்லண்ணே, தெச்சிதான் கீறேன்" என்றாள் அத்தை. "இருவது வருசம் கேஜ் இறக்கின, நீ கேஜாவா ஆயிட்ட?"

அம்மா இப்போது முந்தானையை எடுத்துவிட்டே சிரித்தாள். அத்தையின் சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது.

"எனக்கு யாரும் கத்துக் குடுக்கலண்ணே. டிவியும் குடுக்கல, துணியும் குடுக்கல. பாவாட கட்டிக்கினு கல்லாங்கா ஆடின நாள்லேந்து நான் இப்டித்தான். ஒன்கிட்ட சொல்றதுக்குத்தான் இத்தினி வருசமாச்சி. நீ வளத்ததுல ஒரு தப்பும் இல்ல."

பெரியப்பா போட்டோவை என் கையிலிருந்து வாங்கினார். வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் திரும்பி, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். அவருக்குப் போனில் மெதுவாகப் பேச வராது. லைன் முழுக்கக் கேட்டது.

"இல்லீங்க, வராதீங்க. வீட்ல கொழந்தைக்கி அம்ம போட்டுக்கீது... ஆமாங்க, காத்தாலதான் பாத்தோம்... மூணு தண்ணி ஊத்தற வரைக்கும் நல்ல காரியம் பேசக் கூடாது இல்லீங்களா. ஆத்தா வந்துக்கீறா, நாம இன்னா பண்றது."

குழந்தை என்றால் நான்தான். என் உடம்பில் ஒரு கொப்புளமும் இல்லை. ஆனால் லைன் முழுக்கக் கேட்டுவிட்டதே. பெரியப்பா வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு வேப்பமரத்தில் ஏறி, கொத்தாக ஒடித்து, எங்கள் நிலைப்படியில் தானே கட்டினார். என்னைப் பாயில் படுக்க வைத்துச் சுற்றிலும் வேப்பிலை பரப்பினார்கள். ஒன்பது நாள் பள்ளிக்கூடம் இல்லை. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது. கடுகு வெடிக்கும் வாசனை பக்கத்து வீட்டுக்குப் போனால் குட்டு உடைந்துவிடும். அதனால் இரண்டு வீட்டிலும் ஒன்பது நாளும் தாளிக்காத குழம்புதான். பெரியப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைத் தின்றார். தினமும் வந்து என் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டுப் போவார். நானும் தினமும் சட்டையைத் தூக்கி வயிற்றில் முத்து தேடினேன். பேண்ட் போட்டதற்கு இது அடுத்த மருந்து போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மூன்றாம் தண்ணி ஊற்றுவதற்குள் குடியாத்தத்துக்காரர்கள் வேறு பெண் பார்த்து முடித்துவிட்டார்கள்.

அத்தை பங்காருபேட்டைக்குக் கிளம்பிய அன்று, அழைத்துப்போகத் தோழி வந்திருந்தாள். வேப்பிலையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வாங்கக்கா. எனக்கு ஒண்ணும் இல்ல, சும்னே படுத்துக்கினு கீறேன்" என்று கத்தினேன். உடனே எனக்கு வேறொரு குழப்பம் வந்தது. "அத்தைகூடப் போறவங்கள அக்கான்னு கூப்ட்டா மொற தப்பாவுதே. அப்போ நீங்களும் அத்தைதானே?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. முறை மாற்றிச் சொல்லிவிட்டேனோ என்று பயந்துபோய்ப் போர்வைக்குள் புகுந்துகொண்டேன். பெரியப்பா வெளியே வரவில்லை. ஆனால் மறுநாள் என் பேண்ட்டுகள் மடித்தபடி எங்கள் வீட்டுப் பாய்மேல் இருந்தன. கேபிள் மட்டும் பொங்கலுக்குத்தான் திரும்பி வந்தது.

இன்று எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். அத்தை ஏறிய அதே ரயிலில், பேண்ட் போட்டுக்கொண்டு, பெங்களூருக்கு வேலைக்குப் போகிறேன். என் மனசு ஒரு பையன்மேல் விழுந்தது. அதற்கும் பேண்ட்டுக்கும் சம்பந்தமில்லை. வேறு மாதிரி விழுந்திருந்தாலும் பேண்ட்டுக்குச் சம்பந்தம் இருந்திருக்காது. கல்லூரியில் இதையெல்லாம் பாடமாக நடத்தியபோது, பெரியப்பா வீட்டு டிரங்குப் பெட்டி இதை எப்போதோ சொல்லிவிட்டதே என்று உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் ஒன்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அந்த வேப்பிலையை எனக்குக் கட்டியதாகவே வெகுகாலம் நினைத்திருந்தேன். சாமிக்குப் பயந்த ஒரு மனிதர் ஆத்தா பேரில் பொய் சொன்னார் என்றால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று, பத்து வயதில் எப்படித் தெரியும்? அத்தையிடம் "சரி" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பங்காருபேட்டை வீட்டுக்கு அவர் போகவே நான்கு வருடம் ஆனது.

வருகிற தையில் எனக்குக் கல்யாணம். பத்திரிகையில் 'அத்தை – மாமா' என்ற தலைப்பின் கீழே இரண்டு பெண் பெயர்களை எழுதிக் கொடுத்தேன். அச்சகக்காரர், "மேடம், மாமா பேரு விட்டுப்போச்சி" என்றார். "விட்டுப்போகல. தலைப்ப மாத்துங்க. அத்தை – அத்தை" என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மாற்றினார்.

அடித்து வந்த முதல் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். அந்த வரியில் விரல் நின்றது. 

"படிச்ச பொண்ணுன்னு பேரு" என்றார். "இன்னா பாத்த நீ? அந்தப் பங்காருபேட்டப் பொண்ணு இனிசியலு 'மு'. 'ப'ன்னு அடிச்சி வெச்சிக்கீறான்."

மூன்று முறை பிழை பார்த்தவள் நான். அந்த இனிஷியல் அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. நேற்று அச்சகத்துக்குப் போய், அந்த ஒரு எழுத்தைத் திருத்தி, அத்தனை பத்திரிகையையும் மறுபடி அடிக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.