ஊறுகாய் பாட்டில் சொன்ன மழை

நேற்று மாலை திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடை. இலைமுன் உட்கார்ந்திருந்தவன், புதுக் கைப்பேசியில் காற்றழுத்தம் இறங்கியிருப்பதைக் கண்டு, குதிக்காத குறையாக எதிரே இருந்தவரிடம் காட்டினேன். "இறங்கட்டும்ணே. அந்தத் தயிர் வெங்காயத்த இப்படித் தள்ளுங்க" என்றார்.

அவரை நொந்து பயனில்லை. காற்றழுத்தம் என்றதும் எலுமிச்சை ஊறுகாய் வாசனை எனக்கு மட்டும்தானே வருகிறது.

தலைத்தீபாவளிக்குத் தொப்பம்பட்டிப் பக்கம் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். புது மாப்பிள்ளை துரும்பையும் தூக்கக் கூடாது என்பது அங்கே மரியாதை. களத்தில் நிலக்கடலை காய்ந்துகொண்டிருந்தது. வீடே வேலை செய்ய, நான் முறுக்கு தின்றேன். தின்று சலித்து, கழுவிய ஊறுகாய் பாட்டிலின் வாயில் பலூனை இழுத்துக் கட்டி, ஓர் ஈர்க்குச்சியைப் படுக்கவைத்து, ஒரு முனையைப் பலூனின் நடுவில் ஒட்டி, மறுமுனையைப் பாட்டில் விளிம்புக்கு வெளியே நீட்டவிட்டேன். வெளிக்காற்று அழுத்தினால் பலூன் குழியும், குச்சியின் நுனி எழும். அழுத்தம் குறைந்தால் பலூன் உப்பும், நுனி தாழும், மழை வரும். நான் படித்தது அவ்வளவுதான்.

களத்துச் சுவரில் வைத்தேன். சற்று நேரத்தில் நுனி தொங்கிவிட்டது. மழை மழை என்று கத்தினேன். நனைந்த கடலையை வியாபாரி தொடமாட்டார் என்பதால் எல்லோரும் ஓடிவந்து குவித்துத் தார்ப்பாய் போட்டார்கள். அன்று முழுக்க மண்டையைப் பிளக்கும் வெயில். மனைவியின் அண்ணன் மிகுந்த பணிவோடு கேட்டார்: "ஏனுங்க மாப்ளே, வெயில் பேயுதுங்களே, குடை கொண்டாரட்டுங்களா?"

வெயிலில் பாட்டிலுக்குள் இருந்த காற்றே சூடாகி உப்பியிருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது. பாட்டிலை அறை நிழலுக்கு மாற்றினேன்.

மறுநாள் பொழுது சாய்ந்து குளிர்ந்தது. குளிர்ந்தால் உள்காற்று சுருங்கி நுனி எழவேண்டும். அதுவோ தாழ்ந்துகொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்படியானால் நிஜமாகவே வெளியே காற்றின் பாரம் குறைகிறது. ஊர் முழுக்கக் குறைகிறது. ஓர் ஊறுகாய் பாட்டிலுக்கு அது தெரிகிறது!

வானத்தில் மேகமே இல்லை. இரவுக்கென்று கடலையைக் குவித்துத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். பெருமழை வந்தால் அடியில் தண்ணீர் ஓடி மொத்தமும் பாழ். "எல்லாத்தையும் வீட்டுக்குள்ள கொண்டுபோயிரணும்" என்றேன். மச்சான் சிரிக்கக்கூட இல்லை. காலியாக இருந்தது புதுத்தம்பதிக்கு ஒதுக்கிய அறை மட்டுமே.

மாமியார் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை வாய்விட்டுச் சொல்லிப்போட்டாரு. அள்ளுங்கடா." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும் ஒரு கூடை புடிங்க." மரியாதை அத்துடன் முடிந்தது. வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை.

விளக்கு வைத்ததும் ஓட்டின்மேல் மழை இறங்கியது. களத்தில் கணுக்கால் தண்ணீர். எங்கள் அறையில் கட்டில்வரை கடலை. அதன்மேலேயே உட்கார்ந்து நானும் மனைவியும் உரித்துத் தின்றோம். மச்சான் வந்து பாட்டிலைக் கும்பிட்டார். என்னையல்ல.

இப்போது அந்தக் களத்தில் மச்சானின் கார் நிற்கிறது. கடலை வயலிலிருந்தே லாரியேறிவிடுகிறது. பாட்டில் எந்தத் தீபாவளியில் உடைந்ததோ, நினைவில்லை.

நேற்று கைகழுவி வெளியே வந்தபோது மலைக்கோட்டைக்கு மேலே இருட்டிக்கொண்டு வந்தது. ஆவல் தாங்காமல் மனைவியை அழைத்தேன். "மழை வரப்போகுது."

"தெரியுமுங்க" என்றாள். "என் போனுக்கும் வந்துச்சு."