மைனஸ் முப்பதில் ஒரு காணி

மலேசியாவில், கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நான் வேலைக்குப் போகும் காலை ரயிலில் அந்தப் பெரியவரைச் சில மாதங்கள் பார்த்துக்கொண்டிருந்தேன். காவலாளி சீருடை, நரைத்த மீசை, விரல் இடுக்குகளில் எவ்வளவு கழுவினாலும் போகாத மண் கறை. உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்துச் சிவப்புப் பேனாவால் கோடு போட ஆரம்பித்துவிடுவார். அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் ஒரு மாவட்டத்தின் நில வரைபடங்கள் அவை. அங்கே நிலம் வாங்கிக் குடியேறலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“மைனஸ் முப்பது போகுமாமே அண்ணே, அங்க என்ன விளையும்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“உருளைக்கிழங்கு, கோபிஸ்லாம் வரும் லா. நாலு மாசம் வெயில் இருந்தா போதும்.” முட்டைக்கோஸைத்தான் கோபிஸ் என்றார்.

கிள்ளானுக்குத் தெற்கே ஜெஞ்சாரோமில் இருபது வருஷம் வெண்டையும் மிளகாயும் போட்டவர். நிலம் அவர் பேரில் இல்லை. ஒரு காலையில் புல்டோசர் வந்து, காய்த்து நின்ற செடிகளைப் புரட்டிப் போட்டுவிட்டதாம்.

பிறகொரு நாள், அந்த ஊர் நிலத் தரகர் எழுதிய ஆங்கிலக் கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நிலத்தை அவர் வாங்கலாம், ஆனால் வெளிநாட்டவர் என்பதால் வருஷத்தில் சில மாதங்கள்தான் தங்க முடியும் என்றிருந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

கடிதத்தை வாங்கி அந்த வரியின் கீழ் சிவப்புக் கோடு போட்டார்.

“பரவால்ல தம்பி. நான் வாங்குறதுக்கு முன்னாடியே அவங்க சொல்லிட்டாங்க. இங்க இருபது வருஷம் கழிச்சுத்தான் சொன்னாங்க.”

அதன் பிறகு அவரை ரயிலில் பார்க்கவில்லை. அந்தக் குளிரைப் பற்றி ஒருமுறைகூட அவர் பயந்து பேசியதில்லை; புல்டோசரைப் பார்த்தவருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை போலும். அதுதான் இன்னும் என்னை உறுத்துகிறது.