பொகவந்தலாவைக்குக் கம்பளி கேட்கப் போன ஞாயிறு

பொகவந்தலாவைக்கு எப்படிப் போவது என்று மூன்று பேர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். வழி சொல்கிறேன். ஆனால் நான் அங்கே முதன்முதலில் போனது ஊர் பார்க்க அல்ல, ஓர் ஆளை வேவு பார்க்க. அது 1965 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தைய மாதம் அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்திருந்தது. இலங்கை மலைநாட்டுக்காரர்கள் கடல் தாண்டிப் போகவும் வரவும் இருந்த வாசல் அது. அங்கே தப்பியவர்களுக்காக ஹட்டன் இளைஞர்கள் சிலர் சேர்ந்து, கம்பளியும் துணியும் திரட்டிக் கொழும்பிலிருந்து கப்பலில் அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். சொன்னார்கள், அவ்வளவுதான். நான் நம்பவில்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஹட்டன் கடைத்தெருவில் சாலி நானாவின் புடவைக் கடையில் வேலை. நானா ஒரு கேள்வியும் கேட்காமல் இரண்டு கட்டுத் துணியைத் தூக்கி அவர்களிடம் கொடுத்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. "குடுத்தது நான், நீ ஏன்டா வேகுற?" என்று சிரித்தார். இளைஞர்களுக்குத் தலைவன் அந்தோணி, பேக்கரியில் வேலை செய்பவன். எதற்கெடுத்தாலும் சிரிப்பான். அவ்வளவு சிரிப்பவனை நம்பக்கூடாது என்பது அன்றைய என் கொள்கை. நானும் தொண்டனாக வருகிறேன் என்று போய் ஒட்டிக்கொண்டேன்.

போகும்போதே ஒரு நிபந்தனை போட்டேன். யார், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் எந்த லயம், என்ன கொடுத்தார் என்று எல்லாவற்றையும் கொப்பியில் எழுதியாக வேண்டும். அந்தோணி தலையைச் சொறிந்தான். "தோட்டத்துல பேரெல்லாம் எழுத வேணாம்ணே, சரியா வராது." ஆகா, சிக்கினான் என்று நினைத்தேன். கணக்கு வைக்கப் பயப்படுகிறவன் எதற்குப் பயப்படுவான்? நான் விடாப்பிடியாக நின்றேன். கடைசியில் "உங்க இஷ்டம்ணே" என்றான்.

காலை ஆறு நாற்பது பஸ். பதினான்கு மைல், அறுபத்தைந்து சதம், ஒரு மணி இருபது நிமிடம். நோர்வூட் தாண்டியதும் வளைவுக்கு வளைவு குடல் வாய்க்கு வரும். வெறும் வயிற்றில் ஏறாதீர்கள், வயிறு முட்டத் தின்றுவிட்டும் ஏறாதீர்கள். சாரதி சிங்களவர், ஓரளவு தமிழ் பேசுவார். எங்கள் வெறும் சாக்குகளைப் பார்த்து, "தம்பி, எதுக்கு?" என்றார். இந்தியாவில் புயல், கம்பளி சேர்க்கிறோம் என்றேன். "இந்தியாவுக்கா? லயத்துல ஆளுக்கு ஒரு கம்பிளி இருக்கா?" என்று கேட்டுவிட்டு ரோட்டைப் பார்த்தார்.

பஜாரில் பிளேன்டீ குடித்துவிட்டு இரண்டு மைல் ஏறினோம். தோட்டத்து வாசலில் காவலாளி மறித்தான். தொழிற்சங்க நோட்டீஸ் கொண்டு வந்திருப்போம் என்று அவனுக்குச் சந்தேகம். சாக்குகளை உதறிக் காட்டிய பிறகே விட்டான். பனி இன்னும் தேயிலைமேல் கிடந்தது. வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு இல்லாத நாள் என்பதால் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள்.

முதல் லயத்தில் அந்தோணி விஷயத்தைச் சொன்னதும் கம்பளிகள் வந்தன. தோட்டத்தில் கம்பளி என்றால் இரவில் போர்வை, மழையில் குடை, இரண்டும் அதுதான். அதைக் கழற்றிக் கொடுத்தார்கள். எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் கொப்பியைத் திறந்து பெயர், லய நம்பர், வீட்டில் எத்தனை பேர் என்று எழுத ஆரம்பித்தேன். வீட்டில் எத்தனை பேர் என்பது நானாகச் சேர்த்துக்கொண்ட கேள்வி.

இரண்டாவது லயத்துக்குப் போவதற்குள் சேதி எங்களுக்கு முன்னால் போய்விட்டது. கதவுகள் சாத்தியிருந்தன. உள்ளே குழந்தை இருமுகிறது, ஆனால் தட்டினால் பதில் இல்லை. மூன்றாவதிலும் அப்படியே. அந்தோணி சிரிக்கவே இல்லை.

அப்போது முதல் லயத்து ராமையா பத்துப் பன்னிரண்டு பேருடன் வந்தார். அவர் மனைவி பாக்கியம்தான் அன்று முதலில் கம்பளி கொடுத்தவர்.

"ஐயா, கம்பிளிய நீங்களே வச்சுக்கங்க. பேர மட்டும் திருப்பிக் குடுத்திருங்க."

எனக்கு விளங்கவில்லை.

"கப்பலேத்துறதுக்குத்தானே எழுதுறீங்க? இந்தியாவுக்குச் சாமான் குடுத்தவன் இந்தியாக்காரன்னு சொல்லி அனுப்பிருவீங்க. நான் இங்கதாங்க பொறந்தேன்."

முந்தைய அக்டோபரில்தான் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள், இந்திய வம்சாவளியான எங்கள் ஆட்களில் பல லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று. யார் போவது, யார் இருப்பது என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் டவுன் சட்டை போட்ட ஒருவன் வாசலில் நின்று வீட்டில் எத்தனை பேர் என்று எழுதினால்? என் அப்பாவிடம் இலங்கைப் பிரஜாவுரிமைப் பத்திரம் இருந்தது. அதனால்தான் எனக்கு அது உறைக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

"இத முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று அந்தோணியிடம் பாய்ந்தேன்.

"நீங்க ஏன்னு கேக்கவே இல்லையேண்ணே."

தாள்களைக் கிழித்து, ராமையா வீட்டு அடுப்பிலேயே போட்டேன். எல்லாம் எரிந்து முடியும்வரை அவர் நகரவில்லை. பிறகு கொப்பியை வாங்கி, மீதித் தாள்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகே கதவுகள் திறந்தன. இரண்டு மணிக்கு ஏற்றிப்போக ஒரு லொறி வந்தபோது ஆறு சாக்கும் நிரம்பியிருந்தன.

சாக்கைக் கட்டும்போது பாக்கியம் வந்தார்.

"தம்பி, என் பேர மட்டும் எழுதுங்க."

அவருடைய அண்ணன் முனியாண்டி தனுஷ்கோடித் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். புயலுக்குப் பிறகு கடிதம் இல்லை. "பேரு இல்லாமப் போனா, யாரு குடுத்தான்னு அண்ணனுக்கு எப்படிங்க தெரியும்?"

நான் ராமையாவைப் பார்த்தேன். எட்ட நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது. வேண்டாம் என்பார் என்று காத்திருந்தேன். கிட்டே வந்து, "லய நம்பரையும் எழுதுங்க. பதில் வரணும்ல" என்றார். அண்ணன் பெயரும் தங்கை பெயரும் விலாசமும் எழுதிய துணித்துண்டைக் கம்பளி ஓரத்தில் தைத்தோம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கி, நோர்வூட் வழி பஸ் பிடியுங்கள். இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் நல்லது. ஜனவரி என்றால் ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். லயத்துப் பக்கம் போனால் கேமராவையும் பேனாவையும் பிறகு எடுங்கள், முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அன்று நான் அத்தனை பெயர் எழுதினேன், என் பெயரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

அது எனக்குத் தெரிந்தது மே மாதத்தில். பாக்கியம் பஸ் ஏறி ஹட்டனுக்கு வந்து, கடை கடையாக, "பேரு எழுதுன தம்பி இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டு எங்கள் கடைக்கு வந்து சேர்ந்தார். கையில் இந்தியத் தபால் அட்டை. வாசித்தேன். கம்பளி கிடைத்தது, முகாமில் இருக்கிறோம் என்று எழுதி, கீழே அண்ணி பெயரும் பிள்ளைகள் இரண்டு பேரின் பெயரும் இருந்தன.

"அண்ணன் பேர விட்டுட்டீங்க," என்றார்.

இல்லை என்று இன்னொரு முறை வாசித்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு என் கையிலிருந்து அட்டையை வாங்கிச் சாலி நானாவிடம் கொடுத்து, "நீங்க வாசிங்க ஐயா" என்றார். நானாவும் மூன்று பெயர்களைத்தான் வாசித்தார்.