சர்க்கரையை வென்ற சோலைராஜ்

இந்தத் தலைப்பு என்னுடையது இல்லை. ஒரு நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் அரைப் பக்கத்துக்கு வந்தது. மில் கேட்டுக்கு முன்னால் இரண்டு கால்களிலும் நிமிர்ந்து நின்று, கைகூப்பிச் சிரிக்கிற சோலைராஜின் படம். அன்றைக்கு அவருக்குக் கால் இரண்டும் இருந்தன.

கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் அவரும் நானும் பத்தொன்பது வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் மெஷின் பழுது பார்க்கிற பிட்டர், நான் நூலைச் சுற்றுகிற கோன் வைண்டிங். மெஷின் சத்தத்தில் பேசிப் பழகி, வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். கோபக்காரர், ஆனால் பொய் பேச வராது. நாற்பத்தோரு வயதில் சர்க்கரை என்று தெரிந்தது. அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கி, காலையும் ராத்திரியும் ஒவ்வொன்றாகப் பதினோரு வருஷம் போட்டார். கேன்டீனில் எல்லாரும் பார்க்கத்தான் போடுவார். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

பதினோராவது வருஷம் சர்க்கரை இருநூற்று எண்பதுக்கு ஏறியது. டாக்டரம்மா அதட்டியதும் எட்டயபுரம் ரோட்டில் தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்க ஆரம்பித்தார். சோற்றைப் பாதியாக்கினார். அந்தச் சமயத்தில்தான் யாரோ தெரிந்தவர் ஒரு டப்பா சூரணம் கொண்டுவந்து கொடுத்தார். மதுரைப் பக்கம் ஒருத்தர் தயாரிக்கிறாராம். வைத்தியர் என்று போட்டுக்கொள்கிறார், எங்கே படித்தார் என்று யாருக்கும் தெரியாது. சோலைராஜ் அதையும் இரண்டு மாசம் சாப்பிட்டார். சர்க்கரை நூற்று இருபத்தாறுக்கு வந்தது.

டப்பா கொடுத்தவர் சொல்லியிருப்பார் போல, அடுத்த வாரமே ஒரு நிருபரும் கேமராக்காரரும் வந்து நின்றார்கள். பேப்பருக்கும் ஒரு டிவி நிகழ்ச்சிக்கும் சேர்த்து எடுப்பதாகச் சொன்னார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். சோலைராஜ் சொன்னது இதுதான்:

"மாத்திரையை நான் விடல. தினமும் நடக்குதேன். சோத்தைக் குறைச்சேன். இந்தப் பொடியும் ரெண்டு மாசமா சாப்பிடுதேன். இப்பம் நூத்தி இருபத்தாறு."

நிருபர் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார்.

பேப்பரில் வந்தது: 'பதினோரு ஆண்டுகள் விழுங்கிய மாத்திரைகளைக் குப்பையில் வீசினேன் என்று நெகிழ்கிறார் சோலைராஜ்.' டிவியில் அவர் வாயாலேயே வந்தது: "இந்தப் பொடியும் ரெண்டு மாசமா சாப்பிடுதேன். இப்பம் நூத்தி இருபத்தாறு." முதல் மூன்று வாக்கியம் இல்லை. அந்த இடத்தில் ஒரு மூலிகைச் செடி காற்றில் ஆடியது, புல்லாங்குழல் வாசித்தது.

சோலைராஜ் போனை எடுத்து நிருபரைக் கிழித்தார். "நான் எங்கலே குப்பையில போட்டேன்? நீ பாத்தியா?"

"அண்ணாச்சி, படிக்கிறவனுக்கு ஒரு விறுவிறுப்பு வேணும்லா? உங்களைப் பெருமையாத்தான எழுதிருக்கோம்" என்று அந்த ஆள் சிரித்தான்.

அந்தப் பெருமைதான் அவரைக் கெடுத்தது. மேனேஜர் கூப்பிட்டுக் கைகொடுத்தார். டீக்கடையில் எழுந்து இடம் விட்டார்கள். விளாத்திகுளத்திலிருந்தும் சாத்தூரிலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள் போன் போட்டு யோசனை கேட்டார்கள். அவர் வீட்டுக்காரி முத்துச்செல்வி மட்டும் முதல் நாளே சொன்னாள்: "அவிய எழுதுனது பொய்யின்னு கேக்கவியகிட்ட எல்லாம் சொல்லிருங்க."

"விடுட்டி. நல்லதுதான எழுதிருக்கான்."

கேன்டீனில் மாத்திரை போடுவதற்கு அவருக்கு வெட்கமாகப் போயிற்று. ஊரே கும்பிடுகிறபோது சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தால் என்ன நினைப்பார்கள்? கக்கூசுக்குப் போய்ப் போட்டார். அப்புறம் சில நாள் மறந்தார். அப்புறம் விட்டே விட்டார். பிற்பாடு என்னிடம் சொன்னார்: "அந்தப் பேப்பரைத் திரும்பத் திரும்பப் படிச்சேன்வே. படிச்சுப் படிச்சு நானே நம்பிட்டேன். நான் சொல்லாததை எம் பேரைப் போட்டு அச்சடிச்சிருந்தான், அதை நானே நம்பிட்டேன்."

மாத்திரையை விட்டு ஐந்தாறு வாரம் இருக்கும். புதூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தவசி என்று ஒருவர் தேடி வந்தார். ஆடு மேய்க்கிறவர். கையில் மடித்த பேப்பர்த் துண்டு. அவர் மனைவி வள்ளித்தாய்க்குத் தினமும் இரண்டு வேளை இன்சுலின் ஊசி.

"நெசமாவே மாத்திரையை விட்டுட்டீங்களா அண்ணாச்சி?"

"விட்டுட்டேன்."

"ஊசியையும் விட்டுறலாமா?"

"அது எனக்குத் தெரியாது. டாக்டர்ட்ட கேளும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா எனக்கு ஒண்ணும் செய்யல" என்று ஒரு வார்த்தை கூடச் சொல்லிவிட்டார். தவசிக்கு அந்த ஒரு வார்த்தை போதும். அதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருந்தார்.

பேப்பரில் வந்ததிலிருந்து நாலாவது மாசம் சோலைராஜ் நடக்கிற வழியில் வேலிமுள் ஒன்று செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் ஏறியது. அவருக்குத் தெரியவே இல்லை. கால் மரத்துப்போயிருந்தது. மூன்றாம் நாள் வீட்டில் நாற்றம் அடிக்கிறதே என்று தேடி, முத்துச்செல்விதான் கண்டுபிடித்தாள். அதற்குள் இரண்டு விரல் கறுத்திருந்தது. சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். முதலில் விரலை எடுத்தார்கள். பத்து நாள் கழித்து, உயிர் வேண்டுமென்றால் காலை எடுக்க வேண்டும் என்றார்கள். வலது கால், முழங்காலுக்குக் கீழே.

ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாள். நான் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரருக்கும் காலில் சர்க்கரைப் புண். அவர் போனில் ஏதோ வீடியோ ஓடியது. புல்லாங்குழல் சத்தம். பிறகு: "இந்தப் பொடியும் ரெண்டு மாசமா சாப்பிடுதேன். இப்பம் நூத்தி இருபத்தாறு."

சோலைராஜ் தலையைத் திருப்பினார். பக்கத்துக் கட்டில்காரர் தன் மகளிடம், "ஏட்டி, இந்தப் பொடி எங்கன கிடைக்கும்னு கேளு. இந்த மனுசன் மாத்திரையையே விட்டுட்டாராம்" என்றார்.

சோலைராஜ் கையை நீட்டி அந்தப் போனைப் பிடுங்கினார். திரையைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "பாரும். நல்லாப் பாரும். இது யாரு? நான் யாரு?" மற்றக் கையால் போர்வையை விலக்கினார். நர்ஸ் ஓடி வந்தாள். அவர் கத்திக்கொண்டே இருந்தார்.

கத்தி ஓய்ந்ததும்தான் அவருக்குத் தவசி ஞாபகம் வந்தது. தவசி எழுதிக் கொடுத்துவிட்டுப் போன நம்பரை முத்துச்செல்வியைத் தேடச் சொல்லிப் போன் போட்டார். "தவசியா? நான் சோலைராஜ். உம்ம வீட்டம்மாவை உடனே ஊசி போடச் சொல்லும். நான் சொன்னதைக் கேக்காதீரும்."

"அவ போயி இருவது நாளாச்சு அண்ணாச்சி" என்றார் தவசி. "ஊசியை விட்டு ஒரு வாரத்துல வாந்தி. மூச்சு வாங்கிச்சு. ஆட்டோவுலயே போயிட்டா. உங்க படத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டி வச்சிருந்தா."

அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து ஊன்றுகட்டையில் நிற்கப் பழகியதும் சோலைராஜ் முதலில் போன இடம் அந்தப் பேப்பர் ஆபீஸ். முத்துச்செல்வியும் நானும் கூடப் போனோம். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் காலைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார்.

"இது செய்தி இல்ல சார். விளம்பர இணைப்பு. இந்தா, போட்டிருக்கோம்லா?"

பக்கத்தின் ஓரத்தில், மேலிருந்து கீழாக, 'விளம்பரப் பகுதி' என்று இருந்தது. கண்ணாடி போட்டுப் பார்த்தால்தான் எழுத்து என்றே தெரியும்.

"எம் பேரை இம்மாம் பெருசாப் போடத் தெரிஞ்சுது. இதை மட்டும் ஏன்வே எறும்பு கணக்காப் போட்டிய?"

"அதுக்கெல்லாம் நாங்க பொறுப்பு இல்லன்னும் போட்டிருக்கோம்."

"ஒரு பொம்பள செத்துட்டா!" என்றாள் முத்துச்செல்வி. அவள் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"வருத்தந்தாம்மா" என்றார் அவர். டீ சொல்லட்டுமா என்று கேட்டார். டீ!

அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் விவரம் சொன்னார். சர்க்கரையைக் குணமாக்குகிறேன் என்று விளம்பரம் செய்வதே சட்டப்படி குற்றமாம். அந்தச் சட்டம் வந்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். எங்கள் யாருக்கும் தெரியாது. பேப்பர்க்காரனுக்குமா தெரியாது? தூத்துக்குடிக்குப் போய் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தோம். சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று பதில் வந்தது.

அதற்குள் கோவில்பட்டியிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தச் சூரணக்காரர் முகாம் போட்டார். வாசலில் பெரிய பிளெக்ஸ். அதில் சோலைராஜ், இரண்டு காலோடு.

அவர் என்னைக் கூப்பிடவில்லை. தானாகவே ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். கேள்விப்பட்டு நான் ஓடுகிறபோது மண்டபத்தில் நாற்காலி போட்டு முந்நூறு பேர் இருந்தார்கள். பாதிப் பேர் தீப்பெட்டி ஒட்டுகிற ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்த பெண்கள். சோலைராஜ் நடுவழியாகக் கட்டையை ஊன்றிப் போய்க்கொண்டிருந்தார். இரண்டு பேர் தடுத்தார்கள். மில் குரலில் ஒரு கத்துக் கத்தினார், மைக் வேண்டியிருக்கவில்லை.

"வாசல்ல இருக்க படம் என் படம்! நான் மாத்திரை போட்டுக்கிட்டிருந்தேன், அதை வெட்டிட்டான்! இவன் பேச்சை நம்பி விட்டேன், காலு போச்சு! என் பேச்சை நம்பி ஒருத்தி விட்டா, உசுரு போச்சு!"

சூரணக்காரர் மேடையில் அசையவில்லை. மைக்கில் மெதுவாக, "அண்ணனுக்கு மன உளைச்சல். பத்தியம் சரியா இருந்திருக்க மாட்டார்" என்றார்.

கூட்டத்தில் சிலர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒருவர், "நீரு கருவாடு தின்னுருப்பீரு" என்றார். வெட்டின காலைப் பார்த்துக்கொண்டே அப்படிச் சொன்னார். எனக்கு அந்த ஆளை அடிக்கக் கை எழுந்தது. பதினைந்து இருபது பேர் எழுந்து வெளியே போனார்கள். மீதிப் பேர் டப்பா வாங்க வரிசையில் நின்றார்கள்.

ஆனால் அந்தச் சண்டையை யாரோ போனில் எடுத்துப் பரப்பிவிட்டார்கள். மறுநாள் பிளெக்ஸ் காணோம். அடுத்த மாசம் டிவி அந்த நிகழ்ச்சியை நிறுத்தியது. வருத்தம் தெரிவித்தார்களா? ஒரு வரி கிடையாது. சூரணக்காரர் மேல் வழக்குப் போட்டிருப்பதாகச் சொல்கிறார்கள். கடை திறந்துதான் இருக்கிறது.

போன மாசம் புது வீடியோ ஒன்று வந்தது. அதே புல்லாங்குழல், அதே செடி. இந்தத் தடவை கடம்பூரில் போளி விற்கிற ஒரு அம்மா. மாத்திரையே வேண்டாம் என்று சொல்வதாகக் கீழே எழுத்து ஓடியது. அதைப் பார்த்ததும் சோலைராஜ் கட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வாரும்வே. அந்தம்மா நெசமாவே விடுறதுக்கு முன்னால போயிரணும்."

கடம்பூரில் நாலு கடை விசாரித்துப் பிடித்துவிட்டோம். செண்பகவல்லி என்று பெயர். வீடியோ பற்றிக் கேட்டதும் வெட்கமாகச் சிரித்தார். எல்லாரும் பாராட்டுகிறார்களாம். மாத்திரை?

"போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணாச்சி. அவியள்ட்டயும் சொன்னேன், அது வீடியோவுல வரல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "விட்டுறலாமான்னுதான் ரெண்டு நாளா யோசிக்கேன்."

சோலைராஜ் வேட்டியை விலக்கிக் காட்டினார். அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அங்கேயே, கடைக்கு முன்னாலேயே, நான் போனில் எடுத்தேன். செண்பகவல்லி தான் சொன்னதை முழுசாகச் சொன்னார். பக்கத்தில் சோலைராஜ், கால் தெரிய. ஒரு வார்த்தை வெட்டவில்லை.

நாங்கள் எடுத்ததை இதுவரை இருநூற்றுப் பதினேழு பேர் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் எடுத்ததை நாலு லட்சம் பேர். இதைச் சொன்னபோது சோலைராஜ் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். பிறகு, இன்னும் யார் யாரை எடுத்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்க்கச் சொன்னார்.