நாத்தனார் சேர்க்காத பார்சல்

பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்த பிறகுதான் பார்சல் அக்கா வாயைத் திறப்பாள். "கண்ணாடி டம்ளரைச் செருப்பு டப்பாவுல வெச்சிருக்கீங்களே! டப்பா போய்ச் சேரும், டம்ளர் சேராது." வந்தவர் நெளிந்து முடிப்பதற்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, டேப்பைப் பல்லால் கடித்து அறுத்திருப்பாள்.

பேருந்து நிலையத்தை ஒட்டிய அந்தப் பார்சல் கவுன்டரில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. அனுப்பும் பொருள்தான் பெயர். "டயர் அண்ணே, இன்னிக்கு என்ன வெறுங்கையோட?" என்பாள், சிரிப்புத் தெருமுனை வரை கேட்கும். முகவரி நனைந்து அழிந்த மூட்டையைக்கூட நாலு பேரிடம் விசாரித்து உரியவர் கையில் சேர்த்துவிடுவாள்.

அவள் வீட்டு மாடியறையில் இப்போது தம்பி மனைவி இருக்கிறாள். தம்பி அடித்தான், அழுதான், அழைத்துப் போனான். இரண்டு முறை இப்படி. மூன்றாம் முறை மணிக்கட்டு முறிந்தது. அதற்கப்புறம்தான் நீதிமன்றத்தின் பாதுகாப்பு உத்தரவு: நேரிலோ, போனிலோ, பிறர் மூலமாகவோ அவன் மனைவியைத் தொடர்பு கொள்ளக் கூடாது.

உறவுக்காரர்கள் காதில் அந்தப் 'பிறர் மூலமாக' மட்டும் ஏறவே இல்லை. பெரியப்பா மகனின் சம்பந்தி வரைக்கும் ஆளாளுக்குத் தூது. "சாப்பிட்டாளான்னுதானே கேக்கறான், அதுல என்னடி குத்தம்?" என்று சித்தி போனில் இழுத்தாள்.

"நீங்க சாப்பிட்டாச்சா சித்தி? அப்போ போனை வெச்சுட்டுக் கையைக் கழுவுங்க."

நாத்தனார் வாய் குடும்பத்தைப் பிரிக்கும் என்பார்கள். இந்த நாத்தனார், வந்த தூது எதையும் மாடிக்குக் கொண்டு போகாமல், வாயை மூடிக்கொண்டே ஒரு பெண்ணைக் காத்தாள்.

போன வாரம் தம்பியே கவுன்டருக்கு வந்து நின்றான். அம்மா போன பின் அக்காவின் இடுப்பிலேயே வளர்ந்த பிள்ளை. கையில் சின்ன டப்பா. மணிக்கட்டை முறித்த அன்றைக்கு அவன் உடைத்த மனைவியின் மூக்குக்கண்ணாடி, புது பிரேம் போட்டு. அது இல்லாமல் அவள் மாத்திரை அட்டையை மூக்கில் ஒட்ட வைத்துப் படிப்பதை அக்கா தினமும் பார்க்கிறாள்.

"ஒரு வார்த்தை எழுதலக்கா. வெறும் கண்ணாடி."

அக்காவின் கை தானாக நீண்டது. பாதியில் நின்றது.

"நீ குடுத்ததுன்னு அவளுக்குத் தெரியுமில்ல?"

"தெரிஞ்சா என்ன? பாவம், பார்வை தெரியாம தடுமாறுவா..."

"போட்டதும் அழுவா. அழுதா, பொழுது விடிஞ்சதும் பெட்டியைக் கட்டிடுவா. மறுபடியும் உன் வீட்டுக்கு. அதுக்குத்தானேடா கொண்டாந்திருக்க?"

"நான் மாறிட்டேன்க்கா. நீயே நம்பலன்னா வேற யாரு நம்புவா?"

"மாறினவன் உத்தரவை மதிப்பான்டா. இது அவகிட்ட போகணும்னா உன் வக்கீல்கிட்ட கேளு. கண் டாக்டர்கிட்ட நாளைக்கே நான் அவளைக் கூட்டிட்டுப் போறேன்."

"உனக்குக் கல்லு மனசு."

"ஆமா. பஞ்சு மனசுக்காரங்க எல்லாம் சேர்ந்துதான் அவளை ரெண்டு தடவை உன்கூட அனுப்பி வெச்சோம். நானும்தான்."

அவன் வாய்விட்டே அழுதான். வரிசையில் நின்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள். அக்கா கவுன்டரைச் சுற்றி வெளியே வந்தாள். உள்ளங்கையால் அவன் முகத்தை அழுத்தித் துடைத்தாள். டப்பாவை எடுத்து அவன் சட்டைப் பையிலேயே செருகினாள். பிறகு இரண்டு தோளையும் பிடித்து, அவனை வாசல் பக்கமாகத் திருப்பி நிறுத்தினாள்.