மூன்று கிலோ காபியும் என் மூக்கும்

விமானப் பணிப்பெண் மூன்றாவது முறையாக வந்து நின்றார். “சார், டேக்-ஆஃப் டைம்ல மடியில எதுவும் வெச்சுக்கக் கூடாது. முன் சீட்டுக்குக் கீழ வைங்க, ப்ளீஸ்.”

வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் முன் சீட்டுக்காரர் ஷூவைக் கழற்றிவிட்டு, சாக்ஸ் காலைச் சவுகரியமாகப் பின்னுக்கு மடக்கியிருந்தார். என் மடியில் இருந்ததோ மூன்று கிலோ காபிக்கொட்டை. வேறு வழியில்லாமல் கீழே வைத்து, என் இரண்டு கால்களையும் வேலியாக நிறுத்தினேன்.

மலைமேல் பெரும்பாறையில் ஒரு காபி எஸ்டேட் குடோனில் முப்பது வருடம் கொட்டையின் தரம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது அங்குள்ள சிறு விவசாயிகள் சங்கத்துக்கு அதே வேலையைச் செய்கிறேன். பதினெட்டுக் குடும்பங்களின் ஒரு வருட விளைச்சலை பெங்களூரில் ஒரு கம்பெனி எடுப்பதாக இருந்தது. அன்று மதியம் சாம்பிளை வறுத்து ருசி பார்ப்பார்கள். பிடித்தால் எடுப்பார்கள், இல்லையென்றால் பழையபடி உள்ளூர் வியாபாரி வாசலில் போய் நிற்க வேண்டும். “பிளேன்லயே போங்கண்ணே, சாம்பிள் பத்திரம்” என்று சொல்லித்தான் சங்கத் தலைவி செல்லம்மா என்னை அனுப்பினார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வறுக்காத காபிக்கொட்டை அக்கம்பக்கத்து வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும். குடோனில் வெங்காய மூட்டையை அண்டவிட மாட்டோம். சாம்பிளை மூன்று கவருக்குள் போட்டுக் கட்டியிருந்தேன். ஆனாலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

நான் ஏறியது பக்கத்துக்கு இரண்டிரண்டு சீட் உள்ள சின்ன ஜெட். மதுரையில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் பெங்களூர். அந்த இடுக்குக்குள் மூச்சைக்கூட அடுத்தவரோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். விமானம் மேலே எழும்பும்போதே காது அடைத்தது. எங்கள் மலைக்காரர்கள் எதற்கும் செய்வதையே நானும் செய்தேன். யூகலிப்டஸ் தைலத்தை நெற்றியிலும் கழுத்திலும் தேய்த்து, மிச்சத்தைக் கைக்குட்டையில் விட்டுக்கொண்டேன்.

பெல்ட் விளக்கு அணைந்ததும் காபி மறுபடி மடிக்கு வந்தது. பக்கத்து சீட்டில் கூக்கால் மலைக்கிராமத்து முருகேசன் என்ற விவசாயி, குரங்குக் குல்லாவைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். எங்கள் தலைக்கு மேலே இருந்த மஞ்சப்பை அவருடையது. என்ன என்று கேட்டேன்.

“மலைப்பூண்டுங்க. மக புள்ள பெத்துருக்கா. வெள்ளனே கட்டி எடுத்துட்டுக் கெளம்பிட்டேன்.”

“அத வேற எடத்துல வைங்க. என்கிட்ட காபி இருக்கு.”

“பூண்டு என்ன, காபியக் கடிக்கவா போகுது?”

விளக்கினேன். பதினெட்டுக் குடும்பம் என்றதும் அவர் எழுந்தார். பையை எடுத்துப்போய் ஆறு வரிசை தள்ளி வைத்துவிட்டு வந்தார். பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை கழுத்தை நீட்டி அந்தப் பக்கமே பார்த்தார். மகளுக்குப் பால் சுரக்கக் கொண்டுபோகிற பூண்டு. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் திரும்ப எடுத்துவரச் சொல்லவில்லை.

பின் வரிசையில் ஓர் அம்மா புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார். “ஒரு மணி நேரந்தானேம்மா, பொறுத்துக்கக் கூடாதா?” என்றேன்.

“ஒரு மணி நேரந்தானே, நீங்க பொறுத்துக்கங்க” என்றார்.

முன் சீட்டுக்காரரிடம் ஷூ போடச் சொன்னேன். போட்டுக்கொண்டார். கையோடு சீட்டைப் பின்னால் சாய்த்து என் முழங்காலையும் நசுக்கினார். பணிப்பெண் தந்த காபியில் வாசனையே இல்லை. அதற்கும் அவரிடம் இரண்டு வார்த்தை சொன்னேன்.

“என்னமோ கண்ணு எரியுதுங்க” என்றார் முருகேசன்.

“எல்லாம் உங்க பூண்டுதான்” என்றேன்.

மதியம் கம்பெனியில் என் சாம்பிளை வறுத்து, அரைத்து, வெந்நீர் ஊற்றி, வரிசையாக ஐந்து கோப்பை வைத்தார்கள். ருசி பார்க்கிறவர் இளம் பெண், எங்கள் பக்கத்துத் தமிழ்தான். முதல் கோப்பையில் மூக்கை வைத்தவர், கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏதோ தப்பா வாசம் அடிக்குது.”

“பூண்டுங்க. பிளேன்ல ஒருத்தர் கொண்டு வந்தாரு” என்றேன்.

அவர் இரண்டாவது கோப்பையை முகர்ந்தார், மூன்றாவதை முகர்ந்தார். மேசையைச் சுற்றி வந்தவர் என் பக்கத்தில் நின்றுவிட்டார். “பூண்டு இல்ல சார், நீங்கதான். ரூம் முழுக்கத் தைலம். கொஞ்சம் வெளியில இருங்களேன்.”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே முக்கால் மணி நேரம் நின்றேன். உள்ளே ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டு, மறுபடி கோப்பை வைத்தார்கள். அவர் உறிஞ்சுவதும் துப்புவதும் எழுதுவதும் தெரிந்தது, முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. ஊரில் எப்படி முகத்தைக் காட்டுவேன் என்று நிஜமாகவே பயந்தேன். ஊரார் வாசனையெல்லாம் பிடிக்கத் தெரிந்த மூக்குக்குத் தன் உடம்பு வாசனை தெரியவில்லை. முருகேசனிடம் மன்னிப்புக் கேட்க அவர் மகள் வீட்டு விலாசம்கூட என்னிடம் இல்லை.

கதவு ஒரு சாண் திறந்தது. “எடுத்துக்கறோம் சார். ரொம்ப சுத்தமான காபி. நீங்க உள்ள வராதீங்க, அக்ரிமெண்ட் பேப்பர நானே அங்க கொண்டு வரேன்.”

செல்லம்மாவுக்கு போன் போட்டேன்.

“எடுத்துக்கிட்டாங்களாண்ணே? என்ன பேசி முடிச்சீங்க?”

“நான் ஒண்ணும் பேசலம்மா. வெளியில நிக்க வச்சுட்டாங்க.” நடந்ததை முழுதாகச் சொன்னேன்.

“அப்ப அடுத்த வருசமும் நீங்களே போங்கண்ணே” என்றார் செல்லம்மா. “போயி, வெளியில நில்லுங்க.”